பள்ளிக்கூடத்துக்கே வராத அம்மா

சிங்கப்பூரில் செங்காங்கில் உள்ள அந்தத் தொடக்கப்பள்ளிக்குள் போய் யாரைக் கேட்டாலும் ஹஸீனாவைத் தெரியும் என்பார்கள். முதல்வருக்குத் தெரியும், காவலாளிக்குத் தெரியும், கேன்டீனில் கோழிச்சோறு விற்பவருக்குக்கூடத் தெரியும். அவளுடைய மகள் அங்கே படிக்கிறாள் என்பது மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. அதுவா பெரிய விஷயம்?

மகள் அஃப்னாவுக்கு மூன்றாம் வகுப்பு வந்தும் வாசிக்க வரவில்லை. ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் முட்டிவிடும். புத்தகப் பையைப் பார்த்தாலே வயிற்று வலி என்பாள். விவரம் தெரிந்தவர்கள் யாராவது பிள்ளையைப் பார்த்து என்னவென்று சொன்னால் தேவலை என்று ஹஸீனா உள்ளுக்குள் தவித்துக்கொண்டிருந்தாள். கணவர் சாகுல் ஹமீதுக்கு ஃபேரர் பார்க்கில் பயணப்பெட்டிக் கடை. ஞாயிற்றுக்கிழமையும் மனுஷனைக் கடையில்தான் பார்க்கலாம். பெற்றோர் ஆதரவுக் குழுவில் சேர்ந்தால் ஆசிரியர்களிடம் முகம் பழகும், பேச வழி கிடைக்கும் என்று பக்கத்து வீட்டு ஷபானா யோசனை சொன்னாள். மகராசி, நல்ல யோசனைதான்.

குழுவைக் கவனிக்கும் ரோஷினி டீச்சருக்கு ஹஸீனாவைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"தமிழும் பேசுறீங்க, முஸ்லிமாவும் இருக்கீங்க. ஒரே ஆள், ரெண்டு ஃபெஸ்டிவல். சூப்பர்லா அக்கா," என்றார்.

அன்றிலிருந்து தீபாவளி ரங்கோலிக்கும் ஹஸீனாதான், ஹரி ராயா பெருநாளுக்கு, கெத்துப்பாட் என்கிற மலாய்க்காரர்களின் அரிசிக்கட்டியை வேகவைக்கத் தென்னோலைக் கூடு பின்னவும் ஹஸீனாதான். நாகூரில் அவள் உம்மா வீட்டில் கோலமும் கிடையாது, கெத்துப்பாட்டும் கிடையாது. அதனாலென்ன, யூடியூப் எதற்கு இருக்கிறது? ராத்தூக்கம் கெட்டு இரண்டையும் கற்றுக்கொண்டாள். அவள் முதன்முதலில் போட்ட மயில் பார்ப்பதற்கு வான்கோழியாக இருந்தது. முதல்வர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

மகளைப் பற்றி அவள் வாயெடுக்கும்போதெல்லாம் ரோஷினி டீச்சருக்கு ஏதாவது ஒரு வேலை ஞாபகம் வந்துவிடும். பலூன் ஊத வேண்டும், நாற்காலி போட வேண்டும். 'உங்கள் பிள்ளையின் மனக்குரலைக் கேட்பது எப்படி' என்று பெற்றோருக்கு ஓர் உரை நடந்தது. அதையாவது ஹஸீனா கேட்டாளா என்றால், வெளியே எல்லோருக்கும் மைலோ கலக்கிக்கொண்டிருந்தாள். கேன்டீன் மூலையில் அஃப்னா தனியாக உட்கார்ந்து, கதைப்புத்தகத்தில் படம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாகப் பெற்றோர் சந்திப்பு நாள் வந்தது. வகுப்பாசிரியையோடு பத்து நிமிடம் அவளுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். எதை முதலில் சொல்வது என்று எம்ஆர்டி ரயிலிலும் சமையலறையிலும் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். அன்றைக்குப் பார்த்து வாசலில் ஆள் பற்றாக்குறை. கொஞ்ச நேரம்தான் என்று அவளை நிறுத்திவைத்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் எந்த மாடி, எந்த வகுப்பு என்று கைகாட்டி அனுப்பினாள். தன் முறை நெருங்கும்போது ஒரு சீனத் தாத்தா பேரனின் வகுப்பு தெரியாமல் திண்டாடினார். அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு மூச்சிரைக்க மாடியேறினால், உள்ளே அடுத்த குடும்பம் உட்கார்ந்திருந்தது. வேறொரு நாள் பதிவு செய்துகொள்ளச் சொன்னார்கள். அந்த வேறொரு நாள் எதுவும் காலியாக இல்லை.

மறுவாரம் ரோஷினி டீச்சர் அவளைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டார். அல்லாஹ் கண் திறந்துவிட்டான் என்றே ஹஸீனா நினைத்தாள். விஷயம் வேறு. பள்ளியில் புதுத் திட்டமாம். பிள்ளைமேல் அக்கறையில்லாத பெற்றோரிடம் அக்கறையுள்ள பெற்றோர் பேசி வழிக்குக் கொண்டுவர வேண்டுமாம்.

"ஒரு கேஸ் இருக்கு அக்கா. பிரைமரி த்ரீ பிள்ளை, சுத்தமா ரீட் பண்ண வரல. ஸ்பெஷலா ஹெல்ப் பண்ணணும்னா பேரன்ட்கிட்ட முதல்ல பேசணும். அந்தம்மா மீட்டிங்குக்கே வரலயாம். அப்படி என்னதான் பிஸியோ தெரியல. நீங்க தமிழ்ல கொஞ்சம் பக்குவமா எடுத்துச் சொல்லுங்களேன்."

பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டாள் ஹஸீனா.

"அஃப்னா."

ஹஸீனாவுக்குக் கோபம் வந்தது. அதைவிட வெட்கம் வந்தது. கழுத்தில் தொங்கிய குழு அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தம்மா வந்துட்டாங்க டீச்சர்," என்றாள். "பத்து நிமிஷம் கொடுங்க."