சத்தம் மாறிய எஞ்சின்

கடலில் எஞ்சின் நின்றால் அல்லாஹ்வைக் கூப்பிடுவார்கள், கரைக்கு வந்ததும் நம்மைத் திட்டுவார்கள். படகு எஞ்சின் திருத்தும் தோழர்களே, நம் தொழிலின் மரியாதை அவ்வளவுதான். யுத்தம் முடிந்து கடல் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு கற்பிட்டியில் பட்டறை போட்டேன். வடக்கே தீவுகளிலிருந்து வேலை வந்து குவிந்தது.

பார்க்காமல் தெரிந்த படகு

உச்சமுனைத் தீவுக்கு முதல் தடவை போனபோதே திகைத்துவிட்டேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அலையில்லாத களப்புத் தண்ணீர், நடுவில் நாடா மாதிரி மணல். வெயில் ஏறினால் எது தண்ணீர், எது கரை என்றே தெரியாது. கடலுக்கு முதுகைக் காட்டிக் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அந்தத் தீவு மீனவர் நஸீர் நானா, திரும்பாமலே யார் யார் வருகிறார்கள் என்று சொன்னார். கண்ணுக்கு ஒரு படகும் தெரியவில்லை. சொன்ன வரிசையிலேயே வந்து சேர்ந்தன. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"இஞ்ச கண்ண நம்ப ஏலா பாஸ். ஆள் வாறது எஞ்சின்ட சத்தத்துலதான்."

வெறும் படகு

நஸீர் நானாவின் தங்கை சரீனா. அவள் கணவர் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் கடலுக்குப் போனார். படகு மட்டும் திரும்பி மணலில் ஏறிக் கிடந்தது; எவ்வளவு தேடியும் மையத்து கரை ஒதுங்கவில்லை. கணவன் இறந்தால் பெண் நாலு மாதம் பத்து நாள் பிற ஆண்கள் பார்க்காமல், வீட்டுக்குள் திரைக்குப் பின்னால் இத்தா இருக்க வேண்டும். அவர் மவுத்தாகவில்லை, உயிரோடிருக்கிறார் என்று சரீனா மறுத்துவிட்டாள். யார் யாரோ வந்து பேசிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் அவள் சொன்னது ஒன்றுதான்.

"மையத்தக் காட்டுங்க, இத்தா இரிக்கிறன்."

காய்ந்த சாரம்

உப்புப் பிடித்துக் கிடந்த அந்தப் படகின் எஞ்சினைத் திருத்தி, நஸீர் நானாவின் படகில் பூட்டினேன். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு இருவரும் தீவுக்கு ஓட்டிப் போனோம். சரீனா இடுப்பளவு தண்ணீரில் நின்றாள், தோளில் கணவர் மாற்றி உடுத்திக்கொள்ளக் காய்ந்த சாரம். எங்களைப் பார்க்கவேயில்லை. எங்களுக்குப் பின்னால், யாருமில்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

கணவர் எஞ்சினின் அந்தச் சத்தம் கேட்ட நாளெல்லாம் கடலில் இறங்கினாள். ஒருநாள் அலை இழுத்தே விட்டது. அவளைத் தூக்கிக் கரையேற்றிய நஸீர் நானா மறுநாள் பட்டறைக்கு வந்தார்.

"இன்னொரு தரம் எறங்கினா அவளும் இல்ல பாஸ். இந்தச் சத்தத்த மாத்தித் தாங்க."

வேறு சத்தம்

சத்தத்தைக் குறைக்கச் சொல்வார்கள், உங்களுக்குத் தெரியும். வேறு ஆளுடையதாக்கச் சொன்னதை அன்றுதான் கேட்டேன். காபரேட்டர், தண்ணீரைத் தள்ளும் காற்றாடி, புகை போகும் பாகம் எல்லாம் வேறொரு பழைய எஞ்சினிலிருந்து கழற்றிப் போட்டேன். ஓட்டிப் போனால் தண்ணீரில் யாரும் இல்லை. எனக்குப் பெரிய நிம்மதி.

கொஞ்ச நாள் கழித்துப் போனேன். சரீனாவின் வாசலில் திரை தொங்கியது. அதன் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அவர்ட சத்தம் நிண்டிட்டு பாஸ். இப்பதான் மவுத்தாகியிருக்காரு."

ஓடாததை ஓடவைப்பதுதான் நம் தொழில். கடலே முடிக்காத ஒரு மனிதரை ஸ்பெனரால் முடித்துவைத்தவன், தோழர்களே, உங்களில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.