ஒன்றும் இல்லாத கேஸ்

இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழாய் உண்டு. குழந்தை பிறந்ததும் அது தானாக மூடிக்கொள்ள வேண்டும். எனக்கு மூடவில்லை. அதனால் என் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் மாவு மில் ஓடுகிற மாதிரி விடாமல் ஒரு சத்தம் கேட்குமாம். நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மருத்துவக் கல்லூரிக்குப் போனதெல்லாம் இந்தச் சத்தத்துக்காகத்தான்.

செய்முறைத் தேர்வு வந்தால் எனக்குப் போன் வரும். போய்க் கட்டிலில் படுப்பேன். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டு, இன்ன நோய் என்று தேர்வாளர்களிடம் சொல்ல வேண்டும். அப்படிப் படுக்கிறவர்களைக் கேஸ் என்பார்கள். மத்தியானம் சாப்பாடு போடுவார்கள். நான் அதற்காகப் போகவில்லை. “இவர் நம்ம நல்ல கேஸ்” என்று தேர்வை நடத்தும் பெரிய டாக்டர் மற்றவர்களிடம் சொல்வார். வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவனை வேறு யார் அப்படிச் சொல்லப் போகிறார்கள்?

கேன் தூக்கினால் மூச்சு வாங்க ஆரம்பித்ததும், சின்ன காஞ்சிபுரத்தில் கிளினிக் வைத்திருக்கும் இதய டாக்டரம்மா, தொடை வழியாகக் கம்பி விட்டு அந்தக் குழாயை அடைத்துவிட்டார். மூச்சு வாங்குவது நின்றது. சத்தமும் நின்றது. நின்றது எனக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த தேர்வுக்குப் போன் வரும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன் வரவில்லை. பெரிய டாக்டரே ஒருநாள் கிளினிக்குக்கு வந்தார். நான் அப்போது கேன் மாற்றிக்கொண்டிருந்தேன். என்னிடம் தலையசைத்துவிட்டு டாக்டரம்மாவிடம் உட்கார்ந்தார்.

“தேர்வாளருக்கு ஆளே கிடைக்கலம்மா. தோல் டாக்டர் ஊர்ல இல்லைங்கிறார். எலும்பு டாக்டருக்குத் தினமும் ஆபரேஷனாம். நீங்களாவது வந்து தேர்வாளர் பயிற்சி எடுத்துக்கணும்.”

“சனிக்கிழமை கிளினிக்க மூடினா என் பேஷன்ட் எல்லாம் எங்க சார் போவாங்க? அதோட, நான் மார்க் போடுறத இன்னொருத்தர் உட்கார்ந்து பார்ப்பாராமே. இந்த வயசுல எனக்கே பரீட்சையா?”

“அதான் பயிற்சியே. உங்கள மாதிரி ஸ்பெஷலிஸ்ட் வரலைன்னா, தெரிஞ்சவன் தெரியாதவன் எல்லாரும் பாஸாயிடுவான்.”

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “போங்கம்மா. நீங்க வந்தா நானே வந்து படுத்துக்கறேன்” என்றேன். இருவரும் சிரித்தார்கள். டாக்டரம்மா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அடுத்த வாரம் ஒத்துக்கொண்டார். என் பேச்சைக் கேட்டுத்தான் ஒத்துக்கொண்டார் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் கேன் போடப் போனபோது, தென்னேரியிலிருந்து வந்த ஒருவன் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தான். என்னைவிட இளையவன். டாக்டரம்மா அவன் நெஞ்சில் வைத்த ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக் கேட்டார். “எவ்வளவு தெளிவா இருக்குது. சனிக்கிழமை பயிற்சிக்கு நீங்கதான் வரணும்” என்றார்.

எனக்கிருந்த அதே குழாயாம். அதே மில்லு. அவனுக்கு இன்னும் அடைக்கவில்லை.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் அம்மா விடவில்லை. “ஊர்ல பணத்துக்குப் பொறாமப்படுவாங்கோ, வீட்டுக்குப் பொறாமப்படுவாங்கோ. நோவுக்குப் பொறாமப்பட்டுக்கினு சோத்தத் தள்ற ஆள இங்கதான் பாக்கறேன்” என்றாள். தென்னேரிக்காரன் சட்டையைக் கழற்றுவதும், பெரிய டாக்டர் அவனைப் பார்த்து “நல்ல கேஸ்” என்பதும்தான் கண்ணில் நின்றது.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவிடம் கேட்டே விட்டேன்.

“என்ன மறந்துட்டீங்களேம்மா.”

“மறக்கலப்பா. நீயும் வா. ஒண்ணும் இல்லாத ஆள் ஒருத்தர் எங்களுக்கு வேணும்.”

ஒண்ணும் இல்லாத ஆள். அந்த வார்த்தை வீடு வரைக்கும் கூடவே வந்தது. இருந்தாலும் போனேன்.

தென்னேரிக்காரனுக்கு மின்விசிறிக்கு நேர்க் கீழே கட்டில். எனக்கு ஓரத்தில். பயிற்சிக்கு வந்திருந்த டாக்டர்கள் அவனைச் சூழ்ந்து நின்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். அவன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி படுத்திருந்தான். பிறகு என் கட்டிலுக்கு ஒரு மாணவனை அனுப்பினார்கள். புதிய தேர்வாளர்கள் இரண்டு பேர், டாக்டரம்மாவும் கண்ணாடி போட்ட வேறொரு டாக்டரும், தனித்தனியாக மார்க் போட வேண்டும்.

மாணவன் குனிந்து மெதுவாகக் கேட்டான். எல்லா மாணவர்களும் கேஸிடம் கேட்பதுதான். “அண்ணா, உங்களுக்கு என்னான்னு சொல்லியிருக்காங்க?”

பழைய நோயின் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, “ஒண்ணும் இல்லப்பா” என்றேன்.

“வெளையாடாதீங்கண்ணா. ஒண்ணும் இல்லாத ஆளயா படுக்க வெப்பாங்க?”

நிமிர்ந்தான். வால்வில் கசிவு, இன்ன இடத்தில் சத்தம் என்று தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னான். கண்ணாடிக்காரர் தலையாட்டி நல்ல மார்க் போட்டார். டாக்டரம்மா பூஜ்யம் போட்டார்.

பெரிய டாக்டர் இரண்டு தாளையும் பார்த்தார். கண்ணாடிக்காரரிடம், “மாணவன் வர்றதுக்கு முன்னாடி நீங்க இவர் நெஞ்ச கேட்டீங்களா?” என்றார்.

“இல்ல சார். கேஸ்னு படுத்திருந்தாரு...”

“இதுக்குத்தான் உங்களயெல்லாம் கூப்பிட்டோம்” என்றார் பெரிய டாக்டர். அப்புறம் எல்லோரும் வரிசையாக வந்து என் நெஞ்சைக் கேட்டார்கள். ஒருவர் விடாமல் ஒன்றும் இல்லை என்றார்கள். பெரிய டாக்டர் என்னை நல்ல கேஸ் என்று சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சட்டையை மாட்டும்போது தென்னேரிக்காரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணா, உனக்கும் இதே நோவுதான் இருந்துச்சாமே. டாக்டரம்மா சொன்னாங்கோ.”

“ஆமா.”

“அவ்ளோ பேர் வெச்சுக் கேட்டாங்கோ. ஒர்த்தருக்குமா கேக்கல?”

“கேக்கல.”

அவன் என் நெஞ்சைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. அன்றைக்குக் கிளினிக்கில் நான் அவனைப் பார்த்த அதே பார்வை.

“கேன் தூக்கறியாமே” என்றான். “நான் ஒரு கொடம் தூக்கனா உக்காந்துடறேன். அடைக்கறப்ப ரொம்ப வலிக்குமா?”

நான் அவன் கட்டிலில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.