வள்ளத்தில் சொன்னது

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்கு முன்பு என் கணவர் வருடத்துக்கு இரண்டு தரம் ஊருக்கு வருவார். தெற்கில் ஒரு சிங்கள ஊரில் பதினெட்டு ஆண்டு கடை வைத்திருந்தவர். கித்துள் கருப்பட்டியும் பகிடியும் சிரிப்புமாக வந்து இறங்கினால் வீடு நிறைந்துவிடும். அந்த நாட்களின் வாசனை இன்னும் எனக்கு மூக்கில் நிற்கிறது.

தமிழரைத் தேடி அடித்த அந்தக் கலவரத்தில் கடை எரிந்தது. அவர் அகதிக் கப்பலில் வந்து சேர்ந்தார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆள் தப்பியதே போதும் என்று கற்பூரம் கொளுத்தினேன். அவசரப்பட்டுவிட்டேன்.

எங்கள் ஊரான சரவணையில் வீட்டுக்குள் அவர் காலடி வைக்கவில்லை. வாசல் படலையடியில் கதிரையைப் போட்டு வீதியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். சாப்பாடும் அங்கே, நித்திரையும் அங்கே. கதவு அடிபட்டால் துள்ளி எழும்புவார். மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு இருப்பார். வாசலுக்குக் காவல்காரன் வைத்திருக்கிறீர்களோ என்று ஊரார் கேட்டார்கள். சிரித்துச் சமாளித்தேன். இந்த மனிதர் திரும்ப வீட்டுக்குள் வருவாரா மாட்டாரா என்ற ஒரே கவலைதான் எனக்கு.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. மாமி பார்வை பார்ப்பவரைக் கூட்டிவந்தார். கழுத்தில் ஒரு நூல், கையில் ஒரு நூல், இடுப்பில் ஒரு நூல். இன்னும் நாலு பேர் வந்திருந்தால் ஒரு வேட்டியே நெய்திருக்கலாம். யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டர் குளிசை தந்தார். துள்ளி எழும்புவது குறைந்தது.

"குளிசை பயத்தை அமத்தி வைக்கும், வெளியிலை எடுக்காது. அவர் கதைச்சால் கதைக்க விடுங்கோ. நெருக்காதேங்கோ" என்றும் அவர் சொன்னார்.

நாங்கள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தோம். என்ன நடந்தது என்று நான் நாளுக்கு நாலு தரம் நெருக்கினேன். மாமியோ மகன் காதில் ஒரு சிங்களச் சொல்லும் விழக் கூடாது என்று சட்டம் போட்டார். சீனி சுற்றி வந்த சிங்களப் பத்திரிகையைக் கிழித்தெறிந்தார். ரேடியோவை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பதினெட்டு வருடம் அந்தப் பாஷையில் விற்றும் வாங்கியும் சிரித்தும் வாழ்ந்தவர் அவர் என்பதை எல்லோரும் மறந்துபோனோம்.

நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தோம். அந்தத் தீவில் உள்ள புத்த விகாரைக்குச் சிங்கள யாத்திரிகர்கள் வராத நாளாக விசாரித்துத்தான் மாமி எங்கள் இருவரையும் அனுப்பினார். மாமியின் விசாரணை பிழைத்தது. குறிகட்டுவான் துறையில் நாங்கள் மோட்டார் வள்ளத்தில் ஏறி இருந்த பிறகு ஒரு பஸ் வந்து நின்றது. வெள்ளை உடுத்த சிங்களச் சனம் இறங்கி எங்கள் வள்ளத்திலேயே ஏறியது. நான் அவரோடு ஒட்டி உட்கார்ந்தேன். அவர் தலை குனிந்துகொண்டார்.

நடுக்கடலில் வள்ளம் ஆடத் தொடங்கியது. எதிரே இருந்த ஒரு சிங்கள ஆச்சிக்குக் குமட்டிச் சத்தி வந்தது. இவர் சட்டென்று என் பூசைப் பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து, நகத்தால் கீறி, மணந்து பார்க்கச் சொல்லி நீட்டினார். ஆச்சி ஏதோ கேட்டார். இவர் சிங்களத்தில் பதில் சொன்னார். பிறகு நிறுத்தவேயில்லை. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. குரல் உடைந்தது விளங்கியது. ஆச்சியும் அழுதார். இறங்கியதும் இவருடைய தலையில் கையை வைத்து ஏதோ முணுமுணுத்துவிட்டு விகாரைப் பக்கம் போனார். நாங்கள் கோயில் பக்கம் போனோம்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். பூசை முடிந்து வெளிவீதி நிழலில் இருந்தபோது கேட்டேவிட்டேன்.

"மூண்டு மாசமாக் கேக்கிறன், எனக்கு வாய் திறக்கேல்லை. ஆரெண்டு தெரியாத மனுசிக்கு எல்லாத்தையும் சொல்லுறியள்."

"அவ இனி என்னைக் காணமாட்டா" என்றார். "நீர் நாளைக்கும் என்ரை முகத்தைப் பாக்க வேணும்."

பிறகு மெதுவாகச் சொன்னார். கடைக்குப் பக்கத்து வீட்டுச் சிங்களவர் ஒருவர் இவரைத் தன் அறையில் ஒளித்து, கதவைச் சாத்திவிட்டு, இங்கே ஒருவரும் இல்லை என்று வாசலில் நின்று சொல்லியிருக்கிறார். இவரைத் தேடி வந்தவர்கள் அவரை அடிக்கத் தொடங்கினார்கள். இவர் பின்சுவரால் குதித்து ஓடினார்.

"அந்தாள் கத்தினது கேட்டது. நான் திரும்பிப் பாக்கேல்லை."

ஓடாமல் நின்றிருந்தால் நான் அன்றே தாலி அறுத்திருப்பேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அந்த மனிதருக்கும் ஒரு மனைவி இருந்திருப்பாள் என்ற நினைப்பு குறுக்கே வந்தது. இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்குச் சுலபமாக இருக்கவில்லை.

அன்றைக்கே அவர் வீட்டுக்குள் வந்துவிடவில்லை. முதலில் முற்றம், பிறகு விறாந்தை. மாரி முடியும்போது உள்ளே வந்து என் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தார். கதவைத் திறந்தே வைத்தேன். அம்மன் அருள் என்றார் மாமி. நானும் ஓம் என்றேன். அந்த மாரியைப் போல நான் பிறகு ஒரு காலத்திலும் சந்தோஷமாக இருந்ததில்லை.

அவரை ஒளித்துவைத்த அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் போடச் சொன்னேன்.

"மறுமொழி வராட்டி?" என்றார்.

அதற்குப் பிறகு நான் கடிதப் பேச்சை எடுக்கவில்லை.