ஏழாவது குழிக் கோரை

என் தம்பி பேச்சிராஜுக்கு நாற்பத்திரண்டு வயது. அவன் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது அபூர்வம். தட்டைக் கையில் ஏந்தி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவான். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறான். கடைக்கு வருகிறவர்கள் நாற்காலியில் அவனைத் தேடுவதில்லை, ரோட்டில்தான் தேடுவார்கள்.

ஐ.டி.ஐ. முடித்ததும் துபாய் போனான். ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஒன்பது வருஷம் தண்ணீர்க் குழாய் வேலை. ஒருநாள்கூட மட்டையைத் தொட்டதில்லை, தொட விடவும் மாட்டார்கள். ஊருக்கு வந்து கடை வைத்த பிறகு, செங்கோட்டைக்கு மேலே மலையில் ஓர் எஸ்டேட் கிளப்பில் தெளிப்பான் போடும் வேலை கிடைத்தது. அங்கே ஒன்பது குழி மைதானம் ஒன்று உண்டு. வேலை முடிந்த அன்று கிளப் செயலாளர், “ஆடிப் பாக்கேளா?” என்று விளையாட்டாகக் கேட்டார். இவன் சரி என்றுவிட்டான்.

தற்காலிக உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். நிரந்தரமாக வேண்டுமானால் ஒரு வருஷத்துக்குள் மூன்று ஆட்டம் ஆட வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் மூத்த உறுப்பினர் ஒருவர் கூடவே ஆடி, இவன் அடித்த அடிகளை எண்ணிக் கார்டில் எழுதிக் கையெழுத்திடுவார். மைதானத்தை இரண்டு சுற்று வந்து, மொத்த அடி நூறுக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு கார்டு தவறினாலும் மூன்றையும் முதலிலிருந்து ஆட வேண்டும்.

அடிப்பது அவனுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. வராதது நிற்பது. அடுத்தவர் அடிக்கும்போது அசையக்கூடாது, பேசக்கூடாது, நம் நிழல் அவர் பந்தின்மேல் விழக்கூடாது. இவன் கால் கட்டைவிரல் ஷூவுக்குள்ளேயே தாளம் போடும்.

விதிகளை அவன் சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டில் எழுதினேன். நான் எட்டாவதுவரைதான் படித்தேன் என்றாலும் எழுத்து கோணாது. ஒரு வரி அடித்தல் திருத்தலானால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவேன். அறுபத்து மூன்று விதிகள் சேர்ந்தன.

இளையரசனேந்தல் பக்கம் எங்களுக்கு மானாவாரி நிலம் இருக்கிறது. உளுந்து எடுத்த பிறகு அந்தக் கரிசலில் குழி தோண்டிப் பழகினான். பக்கத்தில் ஆடு மேய்க்கும் பேச்சித்தாய் அத்தை வேடிக்கை பார்ப்பாள்.

“ஏ ராசா, பந்தத் தொலைக்கத்தான் துபாய் போயிட்டு வந்தியா?”

“தொலைக்கல அத்தை, தேடப் பழகுதேன். மூணு நிமிசத்துக்கு மேல தேடக்கூடாது. அது ரூலு.”

“எங்க வெள்ளாட்ட நான் மூணு நாளா தேடுதேன். எனக்கு எவன் ரூலு போட்டான்?”

முதல் கார்டு தொண்ணூற்றேழு. இரண்டாவது தொண்ணூற்றொன்பது. மூன்றாவதை ஆட, ஆடித்தபசு கழிந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். வருஷம் முடிய அதற்குப் பிறகு ஒரு வாரமே இருந்தது. வேடிக்கை பார்க்க வெளியாட்களையும் விடுவார்கள் என்பதால் நானும் போனேன். பஸ்ஸில் இடம் இருந்தும் அவன் படிப் பக்கத்தில் நின்றபடியே வந்தான். நான் நோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்டேன், அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னான். ஒன்றும் தவறவில்லை. ஆனாலும் கடையநல்லூர் வருவதற்குள் நாலு தடவை மணி கேட்டுவிட்டான்.

அன்றைக்கு அவனோடு ஆடியவர் ஹபீப் முகம்மது. ஏலக்காய் வியாபாரி, அறுபது வயதிருக்கும். ஒவ்வொரு அடிக்கு முன்னும் புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டுப் பார்ப்பார், இரண்டு முறை மட்டையை வீசிப் பார்ப்பார், பிறகு கண்ணாடியைத் துடைப்பார். பேச்சிராஜ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். முழங்கை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

நான் பாதை ஓரமாகவே நடந்து, என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அடிகளைக் குறித்தேன். இரண்டாம் சுற்றில் ஏழாவது குழிக்கு வந்தபோது எண்பது. ஹபீப் பாயின் பந்து எதிர்ப்பக்கம் புதருக்குள் போய்விட, அவர் தேடிக்கொண்டிருந்தார். தம்பியின் பந்து புல் வளர்ந்த ஓரத்தில் கிடந்தது. அதற்கு ஒரு விரல் பின்னால், சரியாக மட்டை வந்து இறங்கும் இடத்தில், ஒரு கோரை நின்றது.

அவன் குனிந்தான். எல்லா ஆட்டக்காரர்களையும் போல இடது கையில் மட்டும் உறை போட்டிருந்தான். வெறுங்கையான வலது கை போய்க் கோரையைப் பிடுங்கி எறிந்தது. அவன் கண் அப்போது தூரத்தில், குழியில் நட்டிருந்த கொடியில் இருந்தது. நிமிர்ந்து அடித்தான். நல்ல அடி.

எங்கள் வீட்டில் யாரும் கோரையைக் கண்டு சும்மா கடந்ததில்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து களை எடுத்த கைகள். பஸ் ஸ்டாண்டில் சிமெண்டு வெடிப்பில் ஒன்று முளைத்திருந்தாலும் கை போகும். ஆனால் பந்தைச் சுற்றி வளர்ந்து நிற்கும் எதையும் பிடுங்கி அடிக்க வசதி செய்துகொள்ளக்கூடாது. நோட்டில் பதினெட்டாவது விதி. தண்டனை இரண்டு அடி.

ஆட்டம் முடிந்தது. கிளப் வராந்தாவில் ஹபீப் பாய் கூட்டிப் பார்த்துச் சிரித்தார். “தொண்ணூத்தொம்பது தம்பி. ஒருதரம் சரிபார்த்துட்டு நீங்களும் கையெழுத்துப் போடுங்க.”

பேச்சிராஜ் ஒவ்வொரு குழியாக விரல் வைத்துப் பார்த்தான். பார்த்தது நான் ஒருத்திதான். தவறான கார்டில் அவன் கையெழுத்துப் போட்டால் அது பொய்க் கார்டு. நான் குறுக்கே பேசலாமா என்று நோட்டைப் புரட்டினேன். ஆட்டத்தில் வெளியாள் யோசனை சொல்லக்கூடாது என்று முப்பத்தோராவது விதி. அதற்குக் கீழேயே, விதியை எடுத்துச் சொல்வது யோசனை ஆகாது என்று என் கையால் எழுதியிருந்தது. அந்த வரி மட்டும் இல்லாதிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

“ஏலே, ஏழுல கோரையப் பிடுங்குனியே.”

“எப்போ?”

“ரெண்டாஞ்சுத்துல. பந்துக்குப் பின்னால.”

“நான் பிடுங்கலையே.” சொல்லிக்கொண்டே வலது கையைத் திருப்பிப் பார்த்தான். நகத்துக்குள் மண் இருந்தது.

ஹபீப் பாய் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். “நான் பாக்கல தம்பி. நீங்க சொல்லுததுதான் கணக்கு.”

பேச்சிராஜ் வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் மூன்று முறை நடந்தான். பிறகு வந்து, “ஏழுல ரெண்டு கூட்டிக்கோங்க சார்,” என்றான். ஹபீப் பாய் நூற்றொன்று என்று எழுதினார். இவன் கையெழுத்துப் போட்டான்.

திரும்பும்போதும் அவன் பஸ்ஸில் உட்காரவில்லை. முன்படிக்கும் பின்படிக்குமாக நடந்தவனைக் கண்டக்டர், “அண்ணாச்சி, நடந்தே ஊருக்குப் போறதா இருந்தா டிக்கெட் எதுக்கு?” என்று கேட்டார். புளியங்குடியில் எலுமிச்சை மூட்டைகள் ஏறி நடைபாதை அடைபட்டதும், வேறு வழியில்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“கிழங்கோட வந்துச்சாக்கா?”

“இல்லலே. நடுவுல அறுந்துதான் வந்துச்சு.”

“அப்ப மறுபடி முளைச்சிரும்,” என்றான். ஊர் வரும்வரை அந்த வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்திருந்தான்.

அந்த வருஷம் அவன் களை எடுக்க வரவில்லை. கையின் பழக்கம் போக வேண்டுமாம். அவன் பங்கு வரிசையையும் நானே எடுத்தேன்.

தை பிறந்ததும் இன்னொரு வருஷத்துக்குத் தற்காலிக உறுப்பினராகச் சேர்ந்து, முதல் கார்டிலிருந்து மறுபடி தொடங்கினான். இந்தத் தடவை இரண்டு கையிலும் உறை. மற்ற ஆட்டக்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். ஏழாவது குழியில், ஏறக்குறைய அதே இடத்தில் பந்து விழுந்தது. கோரை முளைத்து முன்னைவிட உயரமாக நின்றது. பேச்சிராஜ் அதைப் பார்த்தபடி, கால் கட்டைவிரல்கூட அசையாமல் நின்றான். பிறகு கோரையோடு சேர்த்து அடித்தான். பந்து பத்தடி கூடப் போகவில்லை.

பாதை ஓரத்தில் நின்ற எனக்குக் கை அரித்தது. நோட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.