இரண்டு பனிமேடும் ஒரு ரெட்டைச் சடையும்

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. செங்கல்பட்டில் அந்நேரத்துக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. நாங்கள் பனியில் சறுக்கி விளையாடப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம்.

நம் பக்கத்தில் பனி ஏது என்று கேட்பீர்கள், பிள்ளைகளே. மார்கழியில் புல்நுனியில் நிற்கிற பனி இல்லை இது. பெரிய கூடம் கட்டி, உள்ளே உறைய உறையக் குளிரவைத்து, வெள்ளைப் பனியைக் கொட்டி மேடாக்கி வைத்திருக்கிறார்கள். கார் போகிற தூரத்தில் அப்படி இரண்டு இடம் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு, எது எப்படி என்று உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போனவர்கள் நாலு பேர். நான் மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அடுத்து என் மனைவி செல்வி, ஐந்தாவது முடித்த மகள் மோனிஷா. நாலாவது ஆள் செல்வியின் தம்பி பாபு. சிறுசேரி கம்பெனி ஆட்களைக் காரில் ஏற்றி இறக்குகிறவன். வண்டியும் அவனுடையதுதான்.

மோனிஷாவுக்கு ஒரே ஆசை. காலில் நீளப் பலகை மாட்டிக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல், நின்றபடியே மேலிருந்து கீழே வந்துவிட வேண்டும். போனில் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஆசை. தெருப் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டாள். உட்கார்ந்து சறுக்கினால் கணக்கில் சேராது என்று அவர்கள் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

புறப்படும்போதே ஒரு சண்டை. வெயிலில் போகிறோம், உடம்பு சூடு பிடித்துக்கொள்ளும் என்று செல்வி அவள் தலையில் தேங்காய் எண்ணெயைக் கவிழ்த்து, அழுத்தித் தேய்த்து, ரெட்டைச் சடை பின்னிவிட்டாள். எண்ணெய் நெற்றியில் இறங்கியது. திருக்கழுக்குன்றம் தாண்டுகிற வரைக்கும் மோனிஷா அம்மாவோடு பேசவில்லை.

எட்டு மணிக்கு மாமல்லபுரம். இருபத்தொன்பது கிலோமீட்டர். வெண்ணெய் உருண்டைப் பாறைக்குப் பக்கத்தில் ஒரு சரிவு இருக்கிறது. பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கியே கல் வழவழவென்று ஆகிவிட்டது. மோனிஷா அதில் நான்கு தடவை இறங்கி வந்தாள். “இது ஒக்காந்து போறது. இது கணக்குல வராது” என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

பத்து மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதல் பனிக்கூடம். ஆளுக்கு நானூற்றைம்பது ரூபாய். தடித்த கோட்டு, கையுறை, பூட்ஸ் எல்லாம் அவர்களே தருகிறார்கள். கோட்டில் நமக்கு முன்னால் போட்டவரின் வியர்வை வாசம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே மைனஸ் ஐந்து. மூச்சு விட்டால் டீக்கடை பாய்லர் மாதிரி புகை வருகிறது. மேடு என்று பார்த்தால் ஒரு மினி பஸ் நீளம்தான். ரப்பர் டியூபில் உட்கார்ந்து வரலாம், நிற்கவே விடமாட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அருமையான இடம். மோனிஷா மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கோவளத்தில் வண்டியை ஓரங்கட்டி, கட்டிக்கொண்டு போன தயிர்சாதத்தைச் சாப்பிட்டோம். கேளம்பாக்கம் வழியாக ஓ.எம்.ஆர். சாலையைப் பிடித்து, இரண்டு மணிக்கு இரண்டாவது கூடத்தில் நின்றோம். இங்கே எழுநூறு ரூபாய், சறுக்குப் பலகைக்குத் தனியாக இருநூற்றைம்பது. முக்கால் மணி நேரம் ஆனதும் மணி அடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள். மேடு இரண்டு பஸ்ஸை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தின நீளம். அதைப் பார்த்ததும் மோனிஷாவின் முகம் மலர்ந்தது.

ஆனால் பலகை நகரவில்லை. பனி பலகையின் அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு முழம் போவதற்குள் பிடித்து நிறுத்தியது. அவள் முன்னால் விழுந்தாள், பின்னால் விழுந்தாள், பக்கவாட்டிலும் விழுந்தாள். சொல்லிக்கொடுக்கிற தம்பி இமாசலப் பக்கத்துக்காரர். கேளம்பாக்கத்தில் அறை எடுத்துத் தங்கியதில் நம் பேச்சையே பழகிக்கொண்டிருந்தார்.

“எங்க ஊர்ல அடியில மெழுகு தேய்ப்போம் பாப்பா. இங்க மெழுகு தீந்துபூட்ச்சி, நாளைக்குத்தான் வரும்.”

நாளைக்கு நாங்கள் ஏது? பத்து நிமிடம்தான் பாக்கி. மோனிஷா பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியதை மறைக்கக் குல்லாயைக் கழற்றித் தட்டினாள். அப்போதுதான் பாபு அவள் தலையைப் பார்த்தான்.

“இன்னா மோனி, அதுக்குள்ள நரைச்சிப்பூட்ச்சா?”

தலை முழுக்க வெள்ளை. காலையில் வைத்த எண்ணெய் குளிரில் உறைந்து, இரண்டு சடையும் முருங்கைக்காய் மாதிரி விறைத்து நின்றன. மோனிஷா தொட்டுப் பார்த்து, “எல்லாம் உன்னாலதாம்மா” என்று அழுதேவிட்டாள். செல்வி சடையை விரலால் சுரண்டி, பிசைந்து பார்த்தாள்.

“தம்பி, உங்க மெழுகு இப்டித்தான இருக்கும்?”

அவர் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஏறக்கொறைய இப்டித்தான்கா.”

“அப்போ பலகையக் கழட்டு மோனி.”

பிறகு நடந்ததை நினைத்தால் இன்னும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பலகைகளைத் தலைகீழாகக் கவிழ்த்து, மகளைக் குனியவைத்து, இடது சடையால் இடது பலகையையும் வலது சடையால் வலது பலகையையும் செல்வி தேய்த்தாள். அம்மியில் மசாலா இழுக்கிற மாதிரி இழுத்தாள். வரிசையில் நின்றவர்கள் தங்கள் முறையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மோனிஷா வெட்கத்தில் தலையை நிமிர்த்தவே இல்லை.

மறுபடி மேலே ஏறி நின்றாள். நான் கையை நீட்டினேன். “வுடுப்பா, நானே வர்றேன்” என்றாள்.

பலகை வழுக்கியது. முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் விரித்து, உறைந்த சடை இரண்டும் காதோரம் ஆட, அவள் நின்றபடியே வந்தாள். வந்தவளுக்கு நிற்கத் தெரியவில்லை. நேராகப் போய்ப் பாபுவின் வயிற்றில் மோதி, இருவரும் உருண்டார்கள். உருண்டது கீழே வந்த பிறகுதான் என்பதைத் தெருப் பிள்ளைகளுக்காக இங்கே எழுதி வைக்கிறேன். அவர்கள் எழுவதற்குள் மணி அடித்துவிட்டது.

இனி என் தீர்ப்பு. சின்னவர்களைக் கூட்டிப் போனால் முதல் கூடம். நிற்க ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டாவது. கையில் காசு இல்லையென்றால் மாமல்லபுரத்துப் பாறை இருக்கிறது. கால்சட்டை தேய்வதைத் தவிர வேறு செலவு பெரிதாக இல்லை.

வெளியே வந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. திருப்போரூர் வழியாக வீட்டுக்குத் திரும்பினோம். வண்டியில் மோனிஷாவின் தலை இளகி, எண்ணெய் மறுபடி நெற்றியில் இறங்கியது. காலையில் பத்துத் தடவை துடைத்தவள் இப்போது துடைக்கவில்லை. அம்மாவின் மடியில் அந்தத் தலையை அப்படியே சாய்த்து, அரைத்தூக்கத்தில் சொன்னாள்.

“அடுத்த தபா பாட்டிலயே எடுத்துகினு வாம்மா. மாமா பலகைக்கும் தேய்க்கணும்.”