தண்ணீர் ஊற்ற ஊற்ற இறுகியது

மலேசியாவின் சிம்பாங் பூலாயில் ஒரு சவர்க்கார ஆலை. அங்கே கலவைத் தொட்டியைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொள்பவர் பமேலா. பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்.

தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகுதான் சவர்க்காரப் பசை. போன மார்ச்சில் ஒரு காலை அவருக்குக் கை தவறிவிட்டது. பசை முந்திக்கொண்டது. அதன்மேல் தண்ணீரைத் திறந்தார். இளக வேண்டிய பசை இறுகியது. இன்னும் விட்டார், இன்னும் இறுகியது. கலக்கும் துடுப்பு முனகி நின்றுபோனது.

“தண்ணி ஊத்துனா கெட்டியாகுமா? பேய் வேலை லா இது!” என்றார், ஓடி வந்த வேதியியலாளர் சிவாஜினியிடம். வேலை போய்விடும் என்றே நினைத்தார்.

முப்பது வயது சிவாஜினி திட்டவில்லை. பசையில் ஒரு துளி வழித்து எடுத்தார்.

“வாங்கக்கா, ஒன்னு காட்டுறேன்.”

ஆய்வறை நுண்ணோக்கியில், ஒளியை வடிகட்டும் இரண்டு தகடுகளுக்கு நடுவே அந்தத் துளியை வைத்தார். பமேலா குனிந்து பார்த்தார். பொன்னும் நீலமுமாக விசிறிகள். ஒன்றின் விளிம்பிலிருந்து இன்னொன்று, கண்ணுக்கு எட்டியமட்டும்.

“யாரு வரைஞ்சா?”

“யாருமில்லக்கா. சவுக்காரத் துகளுக்கு ஒரு தலை, ஒரு வாலு. தலை தண்ணிய தேடும். வாலு தண்ணிக்குப் பயந்து ஒளியும். வாலெல்லாம் உள்ள மறைஞ்சு, குச்சி குச்சியா சேந்துக்கும். நீங்க ஊத்துன தண்ணி பத்தல, குச்சிங்க நெருக்கமா அடுக்கி நின்னுருச்சு. அதான் நகர மாட்டேங்குது.”

“தோட்டத்துல காலையில வேலைக்குப் பேரு கொடுக்குற பெரட்டுக்கு ஆள் வரிசையா நிக்குமே, அந்த மாதிரி,” என்றார் பமேலா மெல்ல. “ஆனா பேரு கூப்பிட கணக்கெழுதுற கிராணி இல்ல.”

சிவாஜினி ஓரத்தில் இன்னொரு சொட்டுத் தண்ணீர் விட்டார். விசிறிகள் ஒவ்வொன்றாக அணைந்து இருட்டாயின.

“ஐயோ, போச்சே!”

“நிறைய தண்ணி கெடைச்சா வரிசை கலைஞ்சிரும். தொட்டியும் அப்படித்தான் இளகும். நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் தோல் இருக்குல்ல, அதுவும் இப்படி வால மறைச்சு, தண்ணியில தானா அடுக்கி நிக்கிறதுதான்.”

பமேலா தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குமுன் அதை அவர் அப்படிப் பார்த்ததே இல்லை.

தொட்டி இளக இரண்டு நாளாயிற்று. மேலாளர் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார். அந்தக் கடிதம் எங்கே கிடக்கிறது என்று பமேலாவுக்கு இப்போது தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் சாப்பாட்டு நேரத்தில் நுண்ணோக்கியில் பார்க்க ஆய்வறைக்குப் போய்விடுகிறார்.

ஒருநாள், பத்து காஜா ஊரில் லாரி ஓட்டும் கணவர் கேப்ரியலையும் அனுமதி கேட்டு அழைத்துப் போனார். கேப்ரியல் வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

“துணி துவைச்சுட்டு இதையா இத்தன வருசமா சாக்கடையில ஊத்திக்கிட்டு இருந்தோம்?” என்றார் நிமிர்ந்து.

பமேலா அவரை மெல்ல நகர்த்திவிட்டுத் தானும் குனிந்தார்.