மண்டபத்துக்கு அடியில் ஒரு குளம்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. மீன் கூடை தூக்கிய கையால் ஐஸ் கம்பெனி வைத்தேன், லாரி வாங்கினேன். காரைக்காலில் எந்த வீடு எப்போது கை மாறியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்ட என்னிடம், நான் வாங்கிப் போட்டிருந்த மனை ஒரு குளம் என்று ஒரு பெண் சொன்னாள்.

ஊரில் கம்ப்யூட்டர் சென்டர்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. என் கடை மாடியை வரைபட வேலைக்காரர்கள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரன் காலத்து நகர வரைபடங்களை ஸ்கேன் செய்து, இன்றைய தெருக்களின் மேல் பொருத்தி, எந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கம்ப்யூட்டரில் தேடிப் பார்க்கும்படி சேர்த்துவைப்பது அவர்கள் வேலை. பொறுப்பில் இருந்தவள் நெடுங்காட்டுப் பெண், இஞ்சினியர்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் அந்தப் பழைய வரைபடத்தைக் காட்டினாள். கட்டடமெல்லாம் ரோஸ் நிறம், தண்ணீரெல்லாம் நீலம். என் மனையில் பாதி நீலம். அங்கேதான் கல்யாண மண்டபத்துக்கு அஸ்திவாரம் தோண்ட நாள் குறித்திருந்தேன். ஆயுசுக்கும் சம்பாதித்தது அதில் போகவிருந்தது. ஊர் முழுக்கச் சொல்லியும் ஆகிவிட்டது.

"படம் தப்பும்மா. நான் அங்க கோலி ஆடியிருக்கேன்" என்றேன்.

"இருக்கலாங்கய்யா. அந்தப் பக்கம் தெருவெல்லாம் மாறிப்போச்சு, பொருத்திப் பாக்கப் புள்ளி கம்மி. அன்னிக்கும் இன்னிக்கும் நகராம நிக்கிற எடமா நாலு காட்டுங்க, திருப்பி உக்கார வச்சுப் பாக்கலாம்."

விடுவேனா? மறுநாள் காலை நான் மொபெட்டில் முன்னால் போக, அவள் ஸ்கூட்டியில் பின்னால் வந்தாள். கோயில் குளத்துப் படிக்கட்டு மூலை, மாதா கோயில் சுவர், பள்ளிவாசல் மதிலின் பழைய பக்கம், வாய்க்கால் பாலத்துச் செங்கல் தூண். செல்போனைவிடத் தடியான, இடத்தைக் குறித்துக்கொள்ளும் கருவி ஒன்றை ஒவ்வொரு இடத்திலும் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன்.

"என்ன மொதலாளி, ஊரையே வெலைக்கு வாங்கப்போறீங்களா?" என்றார் டீக்கடைக்காரர்.

"பாதி வாங்கியாச்சு. மிச்சத்தை அளக்குறேன்."

சாயங்காலம் அவள் என் புள்ளிகளைச் சேர்த்தாள். வரைபடம் ஒருபக்கமாக நகர்ந்தது. அதோடு நீலமும் நகர்ந்தது. பாதி மனையில் கிடந்த குளம், நான் கட்டவிருந்த மேடையையும் சாப்பாட்டுக்கூடத்தையும் சேர்த்து மூடிக்கொண்டு நட்டநடுவில் வந்து உட்கார்ந்தது.

"முன்னைக்கு இப்ப நல்லாப் பொருந்துதுங்கய்யா" என்றாள். சிரிக்கவில்லை, நல்ல பெண்.

வீட்டில் என் மனைவி சிரித்தாள். "சும்மா இருந்திருந்தா பாதியாச்சும் தரையா இருந்திருக்கும். நீங்கதான போயி குளத்தை இழுத்துட்டு வந்தீங்க."

மேஸ்திரியை விட்டு மனையின் நடுவில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டச் சொன்னேன். மேலே கொட்டின மண்ணும் ஓட்டுத் துண்டும். அதற்குக் கீழே கறுப்புச் சேறு, நத்தை ஓடு. யாரோ எப்போதோ தூர்த்த குளத்தின் மேல்தான் நான் கோலி ஆடியிருக்கிறேன். மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார்.

"பிளானை மாத்துப்பா" என்றேன்.

மண்டபம் மனையின் ஓரத்தில், நினைத்ததில் பாதியாக எழுந்தது. இன்றுவரை சுவரில் ஒரு விரிசல் கிடையாது. குளம் இருந்த இடத்தில் வண்டிகள் நிற்கின்றன. ஐப்பசி மழையில் அங்கே கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கும். மாப்பிள்ளை வீட்டார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, "என்னங்க, குளம் மாதிரி நிக்குது?" என்பார்கள்.

"குளந்தாங்க. எடத்தை அளந்து குடுத்ததே நான்தான்" என்பேன்.